மாடியில் கேட்ட கல்யாணப் பாட்டு

பிசின் வாசம்தான் முதலில் மாடிப்படி இறங்கி வரும். சாம்பிராணியும் இல்லை, கற்பூரமும் இல்லை, ரெண்டுக்கும் நடுவில் ஒரு வாசம்... வில்லில் அதைத் தேய்த்துவிட்டுத்தான் லின் வாசிக்க உட்காருவார்.

சில வருஷத்துக்கு முன்னால் திருநகரில் எங்கள் வீட்டு மாடிக்கு இரண்டு பேர் குடிவந்தார்கள். லின் சீனாக்காரப் பெண். யோஹான் சுவீடன்காரர். ரெண்டு தேசத்து நாட்டுப்பாட்டையும் ஒன்றாகக் கலந்து வாசிப்பதுதான் அவர்கள் தொழில். இங்கே காலேஜ் காலேஜாகக் கச்சேரி. லின் கையில் எர்ஹு என்று ஒரு சீன வாத்தியம், அதில் ரெண்டே தந்தி. யோஹானுடையது வயலினில் ஆர்மோனியக் கட்டை வைத்த மாதிரி இருக்கும். அதன் பெயர் கடைசிவரை என் வாயில் நுழையவில்லை.

அந்தச் சமயம்தான் அக்கா செல்வியும் எங்கள் வீட்டோடு வந்திருந்தாள். மாமா பைக் விபத்தில் போய் சில மாசம்தான் ஆகியிருந்தது.

மாமா வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் சாயங்காலம் ஆறு மணி. அக்காவுக்கு அழுகை முட்டுவதும் அப்போதுதான். அம்மா விடமாட்டாள்.

"விளக்கு வைக்கிற நேரத்துல வீட்ல அழுகைச் சத்தம் கேக்கக் கூடாதுத்தா. முழுங்கிக்க."

முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொள்வாள் அக்கா. பாவம்... பார்க்கவே முடியாது.

ஒருநாள் அம்மா விளக்கேற்றும்போது மாடியில் ஆரம்பித்தார்கள். எர்ஹு அப்படியே ஒரு பெண் விசும்புகிற குரல். அம்மாவுக்கு வந்ததே கோபம்!

"என்னடா இது, எழவு வீடு கணக்கா? வா, வந்து இங்கிலீஷ்ல சொல்லு."

அம்மாவோடு மேலே போய் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். லின் பதறிப்போய்விட்டார். இது கல்யாணப் பாட்டு என்றார். அவர் ஊர்ப்பக்கம் கல்யாணப் பெண் பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போது அழுதுகொண்டே பாடுவாளாம். அழாவிட்டால்தான் குறையாம். கூடவே யோஹான் வாசித்தது, அவர் ஊரில் பெண்ணைச் சர்ச்சுக்கு அழைத்துப் போகும் பாட்டு.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா கேட்டுக்கொண்டாள். பின்னாலேயே வந்து படியில் நின்ற அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"கல்யாணப் பாட்டுன்னா தோசமில்ல. வாசிக்கட்டும். நல்லாச் சத்தமாவே வாசிக்கச் சொல்லு."

அன்றிலிருந்து ஆறு மணியானால் அக்கா மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வாள். மேலே வாசிக்க வாசிக்க, கீழே இவள் வாய்விட்டு அழுவாள். எதிர்வீட்டு அத்தை ஒருநாள் கேட்டேவிட்டார்.

"என்ன மதினி, யாரோ அழுற மாதிரி இருக்கு?"

"மாடியில வாசிக்கிறாக. அது கல்யாணப் பாட்டு" என்றாள் அம்மா, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பியபோது லின்னும் அக்காவும் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்கள். பேச ரெண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை.

இப்போது மாடியில் வேறு குடித்தனம். ஆறு மணிக்கு சீரியல் சத்தம்தான். அக்கா ஒத்தக்கடையில் ஒரு காலேஜ் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே தனியாக இருக்கிறாள். அம்மா போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டேன். குரல் சரியில்லை.

"என்னக்கா, அழுதியா?"

"இப்பத்தான் விளக்கு வச்சேன். 'அழாதத்தா'ன்னு சொல்றதுக்கு ஆள் இல்லையேடா தம்பி... அதை நெனச்சுத்தான்."