அடிப்பக்கமும் சிவந்த ஆப்பிள்கள்

கடந்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், குன்னூரில் எங்கள் சபையார் அனைவரும் பார்க்க எழுந்து நின்று, "நான் சொன்னது தவறு" என்று சொன்னேன்.

கல்லூரியில் வாழ்நாளெல்லாம் தாவரவியல் கற்பித்தவன் நான். நான் எழுதிவரும் இந்தப் பத்தியில் பிறர் பிழைகளை நிறையவே திருத்தியிருக்கிறேன் – வாசகர்கள் அறிவார்கள். அந்த வாக்கியத்தைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் சபையில் ஒவ்வொரு குடும்பமும் தன் விளைச்சலின் முதற்பலனைக் கொண்டுவந்து படைக்கும். கேரட், பீட்ரூட், பேரிக்காய்… பிறகு அவை ஏலத்தில் போகும். ஏலத்துக்கு முன் மேசையைப் பார்வையிட்டு, ஒவ்வொன்றைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்வது என் பொறுப்பு. அதை நான் வேறு எவரிடமும் விட்டதில்லை.

இம்முறை மேசையில் ஒரு கூடை ஆப்பிள். கொண்டுவந்தவர் தயாமணி. தேயிலை ஃபேக்டரியில் பேக்கிங் வேலை. அவர் சிறுமியாக இருந்தபோது இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். நம் மலை ஆப்பிளில் வெயில் படும் கன்னம்தான் சிவக்கும். அடிப்பக்கம் பச்சையாகவே நிற்கும். இவையோ அடிவரை சிவந்திருந்தன.

ஒன்றைக் கையில் எடுத்தேன். "இது ஹார்மோன் மருந்து அடித்துச் சிவக்க வைத்த பழம். படைக்கத் தகாது" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

ஏலம் விடும் ஜேக்கப் சும்மா இருப்பாரா? "ஏனுங்க புரொபசர், அப்ப லிப்ஸ்டிக் போட்டுட்டு கோயிலுக்கு வந்திருக்குதுங்களா?"

சபை சிரித்தது. தயாமணி கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அதன்பின் பெண்கள் சங்கத்தில் அவர் வேதம் வாசிக்கும் முறை வேறொருவருக்குப் போயிற்று. எஸ்டேட்டில் அவருக்கு 'மருந்துக்காரம்மா' என்று பெயர் விழுந்தது. வந்து மரத்தைப் பார்க்கும்படி தயாமணி எங்கள் சபை ஆயர் மூலம் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். நான் போகவில்லை. மூன்றாவது வாரம் போனேன் – என் தீர்ப்பை உறுதி செய்துகொள்ள.

எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், அவர் வீட்டுக்குப் பின்னால் ஒற்றை மரம். அதன் அடியில் தரையெல்லாம் வெள்ளியாக மின்னியது. தேயிலைத் தூள் அடைக்கும் பைகளின் உட்புறம் வெள்ளித் தாள் ஒட்டியிருக்கும் அல்லவா? கிழிந்துபோன பைகளைக் கேட்டு வாங்கி, பிரித்து, வெள்ளிப்பக்கம் மேலாகப் பரப்பிக் கல் வைத்திருந்தார்.

"களை மொளைக்காம இருக்கப் போட்டதுங்க ஐயா. அதுக்கப்புறந்தான் காய் அடியிலயும் செவக்க ஆரம்பிச்சிச்சு."

மரத்தில் மிச்சமிருந்த ஒரு பழத்தின்மேல் இலையொன்று ஒட்டியிருந்தது. விலக்கினேன். அந்த இலையின் வடிவில் தோல் வெளிறிய பச்சையாக இருந்தது.

எத்திலீன் என்ற ஹார்மோன் பழுக்கும் வேளை வந்துவிட்டதென்று பழத்துக்குச் சொல்லும், சிவப்பையும் தூண்டும். ஆனால் ஆப்பிளின் தோலில் வெளிச்சம் விழாத இடத்தில் அந்தச் சிவப்பு பிறப்பதில்லை. மருந்தே அடித்திருந்தாலும் நிழலில் கிடக்கும் அடிப்பக்கம் இப்படிச் சிவந்திருக்காது. தரையில் கிடந்த வெள்ளித் தாள்தான் வெயிலைக் கீழிருந்து திருப்பி அனுப்பியிருந்தது. எதைக் குற்றத்தின் சாட்சியாகத் தூக்கிக் காட்டினேனோ, அதுவே அவருடைய சாட்சி.

இதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான். அன்று எப்படி மறந்தேன்? மறக்கவில்லை. ஒரு லயத்து மரத்தில் அப்படியொரு பழம் விளையும் என்று நினைக்க நான் தயாராக இல்லை… அவ்வளவுதான்.

"ஆயரிடம் இன்றே சொல்லிவிடுகிறேன்" என்றேன்.

"அன்னைக்கு என்னய ஆயர் ஐயாகிட்ட தனியாவா சொன்னீங்க?"

குரல் உயரவில்லை.

திரும்பும்போது கதவோரம் அந்தக் கூடையைப் பார்த்தேன். மூடிய துணி மூடியபடியே இருந்தது. ஏன் யாருக்கும் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"கர்த்தருக்குன்னு கொண்டு போனதுங்க. வேற யாருக்குக் குடுக்க?"

ஞாயிறன்று நான் பேசி முடித்தபோது எவரும் சிரிக்கவில்லை, ஜேக்கப்பும்தான். தயாமணி எழுந்து, நடுவழியே நடந்து வந்து, கூடையை மேசையில் வைத்துத் துணியை விலக்கினார். தேவாலயம் முழுவதும் பழவாசனை. மூன்று வாரமாக மூடிக் கிடந்த கூடைக்குள் ஒவ்வொரு பழமும் வெளிவிடும் எத்திலீன் அடுத்த பழத்தைக் கனிய வைத்திருந்தது. சிவப்பு மாறவில்லை, தோல்தான் சுருங்கியிருந்தது.

ஒன்றைக் கையில் எடுத்தேன். விரலுக்கு மெத்தென்று அமுங்கியது.

மருந்தினால் அல்ல. என்னால்.