ஹமீமாவின் வட்டிக் காசு

பல்லேபொலப் பக்கம் ஹமீமாவின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம், வாய் தெரியாதவர்கள் இல்லை. கணவர் மௌத்தாகி விதவையான பிறகு, தோட்டம் தோட்டமாகப் போய் மிளகு வாங்கி, முற்றத்தில் காயவைத்து, மாத்தளைக் கடைகளுக்கு விற்றுத்தான் இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றினார். நான் அடுத்த வீட்டுக்காரி. அவருடைய கோபத்தில் பாதிக்கு நானே சாட்சி.

மிச்சம் பிடித்ததை வங்கியில் போட்டு வைத்திருந்தார். அதற்கு வட்டி சேர்ந்தது. வட்டி மார்க்கத்தில் விலக்கப்பட்ட ஹராம், ஒரு சதம் தொடமாட்டார். பதினெட்டு வருடத்தில் அது ஆறு லட்சமாகிவிட்டது. மௌலவியிடம் கேட்டார். நன்மையை எதிர்பாராமல் ஊருக்குக் கொடுத்துவிடுங்கள், பாதை போடலாம், கக்கூஸ் கட்டலாம் என்றார் அவர். எதற்கென்று முடிவு செய்யாமல் பணம் சும்மா கிடந்தது.

போன மாதம் அவருடைய மூத்த சகோதரர் ஹாஷிம் நானா வந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். ஹமீமா முற்றத்தில் சுளகில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார், நானும் கூட இருந்தேன்.

"தங்கச்சி, பள்ளிக் கக்கூஸுக்கு டைல் போடப்போறோம். ஒன்ட வட்டிக் காசத் தாறதா நேத்துக் கூட்டத்துல வாக்குக் குடுத்துட்டேன்."

சுளகு நின்றது.

"யாருட காசுக்கு யாரு வாக்குக் குடுக்கிற?"

"நீ தொடாத காசுதானே. இதுல கேக்க என்ன ஈக்குது?"

"அந்தக் கக்கூஸுக்குள்ள நான் போக ஏலுமா நானா?"

"அது ஆம்புளைகளுக்கு..."

"நான் எட்டாம் வகுப்போட ஸ்கூல விட்டது என்னத்துக்கு, தெரியுமா?"

"ஒனக்குப் படிப்பு ஏறல்லயே."

சுளகு முற்றத்தில் விழுந்தது. மிளகு நாலாபக்கமும் சிதறியது.

ஹமீமா நடந்ததைக் கொட்டினார். அவர் படித்த காலத்தில் பாடசாலையில் பெண்பிள்ளைகளின் கக்கூஸ் கதவுக்குக் கொண்டி இல்லை. ஒருத்தி உள்ளே போனால் மற்றவள் வெளியே கதவைப் பிடிக்க வேண்டும். ஒருநாள் ஹமீமா தனியாகப் போனார். நாலு பையன்கள் கதவை உதைத்துத் திறந்து நின்று சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தவர் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. வெளியே சொல்லாதே என்று உம்மா வாயைப் பொத்திவிட்டார். படிப்பு ஏறாதவள் என்ற பேரோடு நாற்பது வருடம் போய்விட்டது. எனக்கே அன்றுதான் தெரியும்.

"இன்னைக்கும் அதே கதவுதான்," என்றார் ஹமீமா. "என்ட பேத்தி அம்றா காலையில தண்ணி குடிக்காம ஸ்கூலுக்குப் போறா. ஏன்னு எப்பவாவது கேட்டீங்களா? வாக்கு நீங்க குடுத்தது. ஒங்கட காசுல டைல் போடுங்க."

ஹாஷிம் எழுந்து போனார்.

மறுநாளே பஸ் ஏறி மாத்தளை வங்கிக்குப் போனோம். பணத்தை எடுத்துக்கொண்டு நேரே அம்றாவின் பாடசாலைக்கு வந்தோம். அதிபர் நிஸ்தார் திகைத்துப் போனார். பெண்பிள்ளைகளுக்கு ஐந்து கக்கூஸ் கட்டலாம் என்று கணக்குச் சொன்னவர், "ஒங்கட பேரக் கல்லுல வெட்டி வெச்சிருவோம்" என்றார்.

"வட்டிக் காசுக்குப் பேரு ஒரு கேடா, சேர்?" என்றார் ஹமீமா. அவருடைய கோபம் இன்னும் தணியவில்லை. "உள்பக்கம் கொண்டி போடுங்க. நாலு பொடியன் சேந்து ஒதச்சாலும் தொறக்கப்படாது."