பெரியவாப்பாவின் பேரீச்சம்பழம்

என் வாய்க்குள் ஒரு ஊரே குடியிருக்கிறது என்று தெரியவந்த நாளில், பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரை ஓட்டமாகவே வந்தேன். பல் டாக்டர் ஒருவர், சின்னதைப் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டியோடு வந்திருந்தார். என் பல்லிடுக்கில் சுரண்டியதைக் கண்ணாடித் துண்டில் தடவி, என்னையே பார்க்கச் சொன்னார். அடேயப்பா! கோலும் சுருளுமாக என்னென்னவோ நெளிந்தன, முட்டின, விழுந்தடித்து ஓடின. கல்முனைச் சந்தையில்கூட அத்தனை நெரிசலை நான் கண்டதில்லை. பாக்டீரியாவாம். எல்லார் வாயிலும் உண்டாம். பல்லைப் பிடித்திருக்கும் முரசு பழுதாகி இரத்தம் கசிந்தால் அந்த வழியாக இதயம் வரைக்கும்கூடப் போய்விடுமாம்.

வீட்டில் அதைக் கேட்க ஆளில்லை. மாதம் நிறையாமல் பிறந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்த தம்பி அன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்திருந்தான். மறுநாள் தஹ்னீக் சடங்கு. பேரீச்சம்பழத்தை மென்று குழைத்துக் குழந்தையின் மேல்வாயில் தடவுவது எங்கள் குடும்பத்தில் எப்போதும் வாப்பாவின் அண்ணன்தான். நான் உட்பட எல்லாப் பிள்ளைகளும் பெரியவாப்பா மென்ற பழத்தைச் சுவைத்தவர்கள். ஐவேளைத் தொழுகை தவறாத மனிதர். பல்லெல்லாம் ஆட்டம், துப்பினால் வெற்றிலைச் சாற்றோடு இரத்தமும் வரும்.

உம்மா மட்டும் பேயறைந்தவள் மாதிரி இருந்தாள். பிள்ளைக்கு எந்தக் கிருமியும் தொற்றக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாப்பாவிடம் கெஞ்சிப் பார்த்தாள். அண்ணன் முன்னால் வாப்பாவுக்கு நாக்கு எழும்பாது. உம்மாவோ அவர் வந்தால் திரைக்குப் பின்னால் போய்விடுகிறவள். பின்னேரம் எனக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டே என் பாக்டீரியாக் கதையைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். திரும்பவும் சொல்லச் சொன்னாள்.

"நாளைக்குப் பெரியவாப்பாக்கும் சொல்லுவியா மகள்?"

கேட்கவும் வேண்டுமா!

மறுநாள் பெரியவாப்பா தம்பியை மடியில் வைத்து, பிஸ்மி சொல்லிப் பழத்தை வாய்க்குக் கொண்டுபோனார். நான் குதித்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன். நெளிவது, ஓடுவது, இதயத்துக்குப் போவது எல்லாவற்றையும் கைகாலை ஆட்டி ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தேன். வாப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ட வாய்க்குள்ளயும் இரிக்கா மகள்?"

"ஓம் பெரியவாப்பா! உங்கட வாய்க்குள்ளதான் கனக்க இரிக்கும்!"

அவர் தம்பியின் சுருங்கிய முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சவர்க்காரமும் சுடுதண்ணீரில் கழுவிய கோப்பையும் கேட்டார். கையைத் தேய்த்துக் கழுவி, பழத்தைக் கோப்பையில் பிசைந்து, விரல் நுனியால் துளியளவு தொட்டுத் தம்பியின் வாயில் தடவினார். தம்பி சப்புக்கொட்டினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"புள்ள நல்ல வாத்தியார்ட்டதான் படிச்சிரிக்கா," என்றார் பெரியவாப்பா, திரைப்பக்கமாக.

"வாத்தியார் இல்ல பெரியவாப்பா, பல் டாக்டர்!" என்று நான் அவரைத் திருத்தினேன். இவ்வளவு நல்ல நாளில் திரைக்குப் பின்னால் உம்மா எதற்காக விசும்புகிறாள் என்றுதான் விளங்கவில்லை.