கூவாத பேஸ்

ஆளுயரப் பிடிலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று விஜய்பாண்டி தலையில் எழுதியிருந்தது. கம்பத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறவன் அவன். கட்டப்பனை சர்ச்சில் சும்மா கிடந்த டபுள் பேஸ் என்ற அந்தப் பெரிய பிடிலை வாங்கிவந்து, நிமிர்த்தி நிறுத்தி, தானாகவே வாசிக்கப் பழகினான். அதன் அடிக்குரல் நெஞ்சுக்குள் கேட்டால் போதும், அவனுக்குச் சோறு வேண்டாம்.

வீட்டில் நன்றாகத்தான் பாடும். மேடையில் மைக் வைத்தால் ஊளையிடும். ஸ்பீக்கர் சத்தம் அதன் பெரிய வயிற்றுக்குள் புகுந்து, மைக் வழியாக மறுபடி ஸ்பீக்கருக்கே போய், ஊரே காதைப் பொத்திக்கொள்ளும்.

காமயகவுண்டன்பட்டித் திருவிழா அன்று, கச்சேரிக்குழு நடத்தும் சண்முகராஜ் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இன்னைக்குங் கூவுச்சுன்னா, இனி மேடைப் பக்கமே அதக் கொண்டாராதப்பா."

அந்த ஊரில் ஒரு வழக்கம். அம்மனுக்கும் பாட்டுக் கேட்க வேண்டும். கோயில் மேடைக்குப் பின்னால் இருந்ததால், மேடைக்கு எதிரே கோயிலைப் பார்த்து இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள். அம்மனுக்குப் போகிற சத்தமெல்லாம் முதலில் பேஸ் மேல்தான் விழும். பெட்டிகளைக் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தான்.

"ஒன் வாத்தியத்துக்காக ஆத்தாளத் திருப்பி ஒக்கார வைக்கவா?" என்றார் விழாக்கமிட்டிக்காரர்.

விஜய்பாண்டி விடவில்லை. மைக்கை ஒதுக்கிவிட்டு, கட்டையில் ஒட்டி அதன் அதிர்வை வயர் வழியாக அனுப்பும் பிக்கப்பை மாட்டினான். மனைவி ஜோதிலட்சுமி கிழித்துக் கொடுத்த பழைய போர்வையைப் பேஸின் இரண்டு துளைகளிலும் திணித்தான். பெட்டிகளுக்குத் தன் முதுகைக் கொடுத்து, பேஸை மறைத்துக்கொண்டு நின்றான்.

கூவவில்லை. ஒரு பாட்டு, இன்னொரு பாட்டு, கடைசி வரைக்கும் கூவவில்லை. வாசிக்க வாசிக்க அவனுக்குக் கண் கலங்கியது. தன் சத்தம் தனக்கே கேட்கவில்லைதான். அந்த இரைச்சலில் யாருக்குத்தான் எது கேட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

கச்சேரி முடிந்ததும், வயர் சுற்றிக்கொண்டிருந்த சவுண்டு செட் நாகராஜிடம் ஓடினான்.

"பாத்தியாடா, போர்வை செஞ்ச வேலைய!"

"அட நீங்க வேறண்ணே. மொதப் பாட்டுலயே ஒங்க லைன அமத்திட்டேன், ஒங்க சத்தம் வெளிய வரவேயில்ல. சண்முகராஜ் அண்ணந்தான் சொன்னாக."

சண்முகராஜே வந்து தோளில் தட்டினார். "மேடைக்கு எடுப்பா இருக்குப்பா. சுருளிப்பட்டிக் கச்சேரிக்கும் இதே மாதிரி வந்துரு."

விஜய்பாண்டி தலையாட்டினான். வேறென்ன செய்வான்?

"கூவலைல்ல?" என்று ஜோதிலட்சுமி வீட்டு வாசலிலேயே கேட்டாள்.

"இல்ல."

அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க அவனுக்குத் தாங்கவில்லை.

சுருளிப்பட்டிக்கும் போனான். போர்வையைத் திணித்தான், சுருதி சேர்த்தான், பெட்டிகளுக்கு முதுகு காட்டி நின்றான். பிக்கப் வயரை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.