அத்தான் தொடாத தந்தி

பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டியதும் அத்தான் முதல் வேலையாக ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டியில் இருக்கும் பேஸ் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்புவார். அடுத்து சத்தத்தைக் கால்வாசிக்கு இறக்குவார். பிறகு ஸ்பீக்கர் துணியில் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் நிற்பார். "ம்... ஆரம்பிக்கலாம் மாப்ள." பேஸ் வாசிக்கிறவரே பேஸைக் குறைத்துக்கொள்ளும் கூத்தை டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பது என் தலையெழுத்து.

அந்த ஆம்ப் சாதாரண கிட்டாருக்கானது. என் அக்காவுடையது. எங்கள் குழுவில் லீட் கிட்டார் அவள்தான். மணிக்கட்டு முறிந்து, கட்டும் பிரித்தாகிவிட்டது. டாக்டர் வாசிக்கலாம் என்று சொல்லியும் அவள் கிட்டாரைத் தொடவில்லை. ஒத்திகை அவர்கள் வீட்டு முன்னறையில் நடக்கும். அவள் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். கேட்டால், "இன்னும் வலிக்குதுடா" என்பாள். அந்த வலி கையில் இல்லை என்று எனக்கும் தெரியும், அத்தானுக்கும் தெரியும்.

அத்தானின் சொந்த ஆம்ப் புகைந்துபோனபோது, "ஒரு வாரத்துக்குத்தான்" என்று அவளுடையதை எடுத்தார். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. சின்ன ஸ்பீக்கர், அடி ஸ்வரத்தை ஓங்கி வாசித்தால் கிழிந்துவிடும். அதனால் நான்கு தந்திகளில் தடித்ததை அத்தான் தொடவே மாட்டார். மற்ற மூன்றையும் பூனையைத் தடவுவதுபோலத் தடவுவார். அவர் வாசிப்பது காதில் விழட்டும் என்று நான் டிரம் மேல் துண்டைப் போட்டு அடிக்கிறேன். அப்படியும் வருவது பெட்டிக்குள் வண்டு மாட்டிக்கொண்ட சத்தம்தான்.

"அண்ணே, வாசிக்கிறீங்களா, கைய சொறியுறீங்களா?" என்று எங்கள் பாடகி ஒருநாள் கேட்டேவிட்டாள். அத்தான் சிரித்தபடி, ஆம்ப் அதிராமலிருக்க அதற்கு அடியில் இன்னொரு தலையணையைச் செருகினார்.

மனிதர் தொழிலில் லிஃப்ட் மெக்கானிக். "ஆறு பேர் லிஃப்ட்ல பத்து பேர் ஏறலாம் மாப்ள. ஏறும். எறங்குறதுதான் டவுட்டு" என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்பவர். அதே ஆள் கிட்டார் ஆம்ப்பில் பேஸை ஏற்றுகிறார். அதைச் சொன்னால், "அதான் ஏத்தாம வாசிக்கிறேனே" என்பார். இவரோடு பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை.

ஒத்திகை முடிந்தால் அடுத்த கூத்து. குமிழ்களுக்குப் பக்கத்தில் அக்கா தான் வாசிக்கும் அளவுக்குச் சிவப்பு நெயில் பாலிஷில் புள்ளி வைத்திருக்கிறாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, ஒவ்வொரு குமிழையும் அந்தப் புள்ளிக்குத் திருப்பிவிட்டுத்தான் எழுந்திருப்பார். நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருக்க வேண்டும்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கத்தியேவிட்டேன். "வேற ஆம்ப் வாங்கித் தொலைங்களேன் அத்தான்."

அவர் உள்ளறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "புதுசு வந்தா இது பரணுக்குப் போயிடும். பரண்ல ஏத்திட்டா உங்கக்கா அப்புறம் எறக்கவே மாட்டா மாப்ள."

எனக்குக் கோபம் தணியவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு ஆம்ப் பேச்சை எடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது பாட்டில் வண்டுச் சத்தம் உச்சத்துக்குப் போனது. உள்ளறைக் கதவு படாரென்று திறந்தது. அக்கா. கையில் கிட்டார்.

"அத ஏன் இப்படி மூச்சு முட்ட வைக்கிறீங்க? காது கொடுத்து கேக்க முடியல. தள்ளுங்க."

அத்தான் தன் வயரைப் பிடுங்கினார். குனிந்து குமிழ்களைச் சிவப்புப் புள்ளிகளுக்குத் திருப்பினார். தலையணைகளை உருவிக்கொண்டு நகர்ந்தார். அக்கா வயரைச் செருகி, மணிக்கட்டை ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிட்டு வாசித்தாள். முதல் ஸ்வரம் பிசகியது. இரண்டாவது அறை முழுக்க நிறைந்தது.

நான் டிரம் மேலிருந்த துண்டை எடுத்தேன். அத்தான் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து, எதிலும் செருகாத பேஸை மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் தடித்த தந்தியைக் கட்டை விரலால் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார்.