ராஜி நேரம் பார்த்த பன்னிரண்டு நிமிடங்கள்

ராஜி இறந்துவிட்டாள்.

இன்று காலை அவளுடைய மகள் அஜக்ஸ் நகரிலிருந்து அழைத்தாள். "அன்ரி, அம்மா... திஸ் மோர்னிங். உங்களுக்குக் கட்டாயம் சொல்லச் சொன்னவா."

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நானும் ராஜியும் மனம்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. ஆயினும் எனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டுமாம்...

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவின் மார்க்கம் நகரில் ஓர் எலக்ட்ரோனிக்ஸ் தொழிற்சாலையில் ஒரே மேசையில் அமர்ந்து மின்பலகைகளுக்குச் சாலிடர் பிடித்தோம். மூன்றரைக்கு ஷிப்ட் முடியும். ஒரே பஸ்ஸில் வீடு திரும்புவோம்.

குடியுரிமை கிடைத்த அதே மாதத்தில் நான் கனடிய இராணுவத்தின் பகுதிநேரச் சேமப் படைக்கு விண்ணப்பித்தேன். மருத்துவ உதவியாளர் பயிற்சி. இடம்பெயர்வுகளால் பத்தாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றுபோன எனக்கு, ஆங்கிலம் முதற்கொண்டு அனைத்தையும் நூலகத்து மேசைகளில் நானாகவே கற்றுக்கொண்ட எனக்கு, முதற்சான்றிதழ் அங்கேதான் காத்திருந்தது.

வீட்டில் சொல்ல முடியாது. ஊரில் ஆமி வருகிறது என்றால் பதுங்குகுழிக்குள் ஓடிய குடும்பம் நாங்கள். அந்தச் சொல் எந்த நாட்டுக்குரியது என்று எவரும் விசாரிக்கப் போவதில்லை.

தொலைபேசி மணி அடித்தால் அண்ணைதான் எடுப்பார். ஆகையால் விண்ணப்பப் படிவத்தில் ராஜியின் வீட்டு எண்ணை எழுதிக் கொடுத்தேன். "குடு, குடு. அவங்கள் எடுத்தா நான் சொல்லுறன்" என்றாள்.

ஓட்டச் சோதனை ட்ரெட்மில்லில். பன்னிரண்டு நிமிடங்கள். வேகமும் ஏற்றமும் கூடிக்கொண்டே போகும். கைப்பிடியைத் தொட்டால் அத்துடன் சோதனை முடிந்தது.

ராஜியின் ஸ்காபரோ அபார்ட்மெண்ட் கட்டடத்தில், உடுப்புத் தோய்க்கும் அறைக்கு அடுத்தாற்போல் பழைய ட்ரெட்மில் ஒன்று இருந்தது. என் ஓட்டச் சப்பாத்துகள் அவள் அலுமாரியில் இருந்தன. பஞ்சாபிக் காற்சட்டையுடன் ஓடுவேன். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அவள் அமர்ந்திருப்பாள்.

முதல் நாள் மூன்று நிமிடங்கூட என்னால் கைப்பிடியை விட இயலவில்லை.

"எடி, கையை விடு! தேர் வடமே பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?" என்று வியர்வை துடைக்கும் துவாயால் என் விரல்களில் அடித்தாள். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. நான் விழாமல் இருந்ததே புண்ணியம்.

ஒரு நாள் உடுப்புக் கூடையுடன் வந்த அன்ரி ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார். "பிள்ளை, உதில ஓடி எங்க போய்ச் சேரப்போறாய்?"

"அவாக்குக் கலியாணம் பேசியிருக்கு, அன்ரி. மெலியிறா" என்றாள் ராஜி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

ஐந்து நிமிடம். ஏழு நிமிடம். பத்து...

தினமும் பஸ்ஸில் கேட்பேன். "அவங்கள் எடுத்தவங்களோ?"

"இன்னும் எடுக்கேல்லை. அரசாங்க வேலையெல்லே, மெதுவாத்தான் நடக்கும்."

எட்டாவது வாரம். பன்னிரண்டு நிமிடங்களையும் கைப்பிடியைத் தொடாமல் ஓடி முடித்தேன். வாளியிலிருந்து துள்ளி எழுந்து, வியர்த்திருந்த என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. அது நடிப்பல்ல என்று இன்றும் நம்புகிறேன்... அதுதான் என்னால் தாங்க முடியாதது.

மறுநாள் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு ஆட்சேர்ப்பு அலுவலகத்துக்கு நேரில் போனேன். நான் ஆயத்தம் என்று சொல்வதற்காக.

அதிகாரி என் கோப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார். விண்ணப்பதாரர் தொலைபேசி மூலம் விலகிக்கொண்டார் என்று எழுதியிருந்தது. நாங்கள் ஓடத் தொடங்கிய இரண்டாம் வாரத்துத் திகதி. எனக்கென்று அவர்கள் குறித்த சோதனை நாள் கடந்து போயிருந்தது.

அதாவது, எனக்குரிய அழைப்பை எடுத்து, நானே பேசுவதுபோல் என் பெயரில் பேசி, என்னை விலக்கிவிட்டு... அதன் பின்னரும் ஆறு வாரம் அந்த வாளியில் அமர்ந்து எனக்கு நேரம் பார்த்திருக்கிறாள்.

அடுத்த நாள் மதியச் சாப்பாட்டு மேசையில் கேட்டேன். மறுக்கவில்லை.

"ஓம். நான்தான் சொன்னனான், நீ வரேல்லையெண்டு."

"ஏன் ராஜி?"

"என்ரை தம்பியை வீட்டை வந்து கூட்டிக்கொண்டு போனது ஆமி உடுப்புப் போட்ட ஆக்கள். நீ அந்த மாதிரி உடுப்போட வந்தா என்னால உன்ரை முகத்தைப் பாக்கேலாது. எனக்கு வேறை ஆர் இருக்கினம்?"

தம்பியைப் பற்றி அன்றுவரை அவள் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அந்த நிமிடத்தில் எனக்கு இரக்கம் வரவில்லை. என் கோப்புத்தான் கண்முன் நின்றது.

"அப்ப ஏன் என்னை ஆறு கிழமையா ஓட விட்டனீ?"

"ஓடேக்க நீ சந்தோசமா இருந்தனீ."

நான் எழுந்து போய் வேறு மேசையில் அமர்ந்தேன். அந்த மாதமே வேலையை விட்டேன்.

அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று அதிகாரி கூறியிருந்தார். நான் விண்ணப்பிக்கவில்லை. அந்தப் பழியையும் இத்தனை காலம் அவள் தலையிலேயே போட்டு வந்திருக்கிறேன்.

பல ஆண்டுகளின் பின் யூனியன்வில்லில் ஒரு திருமண விருந்தில் கண்டோம். சாப்பாட்டுத் தட்டோடு என்னருகே வந்து நின்று, "சுகமா இருக்கிறியோ?" என்று கேட்டாள். "இருக்கிறன்" என்றேன். தட்டோடு தன் மேசைக்குத் திரும்பிப் போனாள்... அவ்வளவே.

மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் நீங்கள் எல்லோரும் என்னைப் பாராட்டுவீர்கள். மனமறிந்து அப்படி எழுத எனக்கு இயலாது.

நாளை மாலை அஜக்ஸில் அவள் உடலைப் பார்வைக்கு வைக்கிறார்கள். மகளிடம் வருவதாகச் சொல்லிவிட்டேன்.

ராஜி... கோபத்துடன்தான் வருவேன். ஆனால் வருவேன்.