சாய்மானம் வைத்த நாற்காலி

எண்பதுகளின் கடைசியில், ஓசூரில் டெலிபோனுக்கு சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் நான் டிரெய்னியாக இருந்தபோது நடந்தது இது. குடியிருந்தது மத்திகிரியில். காலைப் பனியில் டவுன் பஸ் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. பாதித் தூக்கத்திலேயே ஷிஃப்டுக்குள் நுழைந்துவிடுவேன்.

அப்போது எனக்கு நாலு மாதம். யாரிடமும் மூச்சு விடவில்லை. டிரெய்னி மாசமானால் நின்றுவிடச் சொல்வார்கள் என்பது லைனில் எல்லோருக்கும் தெரியும். என் வீட்டுக்காரருக்கோ வேலை இல்லை. சேலையைத் தளர்த்திக் கட்டிச் சமாளித்தேன்.

பெல்ட்டில் போர்டுகள் நகர்ந்து வரும். வண்ணக் கோடு போட்ட பொடிப் பொடி ரெசிஸ்டர்களை அவற்றின் துளைகளில் செருக வேண்டும். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வண்ணங்களெல்லாம் ஒன்றாகக் கரைந்தன. அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். தண்ணீரில் போர்டுகள் மிதந்து போவதுபோல் கனவு. விழித்துப் பார்த்தால் கனவு முடிந்த மாதிரியே இல்லை. பெல்ட் அவ்வளவு மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து சீட்டுத் தெலுங்குக்காரப் பெண் தன் வேலையோடு என் வேலையையும் செய்துகொண்டிருந்தாள்.

எதிரே புரொடக்‌ஷன் ஆபீசர் நின்றார். பெல்ட் ஏன் இப்படி ஊர்கிறது என்று கேட்டார். அதிகம் பேசாத எங்கள் கன்னடக்கார சூப்பர்வைசர்தான் முன்னால் வந்தார்.

"நான்தான் சார் கொறச்சு வெச்சேன். அவங்க மாசமா இருக்காங்க."

எப்படித்தான் கண்டுபிடித்தாரோ, இத்தனை நாள் மறைத்ததை இப்படிப் போட்டு உடைத்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆபீசர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் அறைக்குப் போய்விட்டார். வேலை போச்சு என்றே முடிவு கட்டினேன். பஸ்ஸில் அழுதுகொண்டே வீடு வந்தேன்.

மறுநாள் கேட்டில் வாட்ச்மேன் நிறுத்துவார் என்று தயங்கித் தயங்கிப் போனேன். யாரும் நிறுத்தவில்லை. என் இடத்தில் வழக்கமான ஸ்டூலைக் காணோம். ஆபீசர் அறையில் மட்டுமே இருக்கும், சாய்மானம் வைத்த நாற்காலி ஒன்று கிடந்தது. அவரே தூக்கி வந்து போட்டுவிட்டுப் போனதாகப் பக்கத்து சீட்டுப் பெண் சொன்னாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. டீ வரும்வரை நுனியிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கமாக வந்த சூப்பர்வைசர், "சாஞ்சு உக்காருங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்றார்.

சாய்ந்தேன். கண்ணில் நீர் முட்டியது. பிள்ளை பிறந்தது, வேலையும் நிரந்தரமானது. ஆனால் வயிற்றை மறைக்காமல், யாருக்கும் பயப்படாமல் உட்கார்ந்து செய்த அந்த ஒரு நாள் வேலையின் சுகம், பிற்பாடு வாங்கிய எந்த புரமோஷனிலும் எனக்குக் கிடைக்கவில்லை.